எந்தக் கட்டியை விட்டுவைப்பது?

திரையில் எக்ஸ்ரே வந்ததும் பெற்றோர் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். வலது முழங்காலுக்கு மேலே ஒன்று, கீழே இரண்டு. இடது காலிலும் அப்படியே. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, தோள்பட்டையில் ஒன்று, விலாவில் ஒன்று. எட்டு வயதுப் பிள்ளையின் உடம்பில் இத்தனை எலும்புப் புடைப்புகள். "எல்லாத்தையும் ஒரே ஆபரேஷன்ல எடுத்துடலாமா டாக்டர்?" என்பதுதான் அடுத்த கேள்வி. இந்த நோயை நன்றாகத் தெரிந்த எலும்பு அறுவை மருத்துவர், "இப்போதைக்கு எதையும் எடுக்க வேண்டாம், ஆறு மாசம் கழித்து வாங்க" என்று சொல்ல வாய்ப்பு அதிகம். தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்களுக்கு அது தட்டிக்கழிப்பதுபோலத்தான் படும். அந்த பதிலுக்குப் பின்னால் என்ன கணக்கு இருக்கிறது என்று பார்க்கலாம்.

நோயின் பெயர் நீளமானது: ஹெரிடிட்டரி மல்டிபிள் எக்ஸாஸ்டோசிஸ். பரம்பரையாக வரும் பல எலும்புப் புடைப்பு நோய் என்று சொல்லலாம். உலக அளவில் சுமார் 50,000 பேரில் ஒருவருக்கு வருவதாகக் கணக்கு. சில இடங்களில் இது ஆச்சரியப்படும் அளவுக்கு அதிகம். பசிபிக் கடலின் குவாம் தீவில் வாழும் சமோரோ மக்களிடையே ஆயிரத்தில் ஒருவருக்கு இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது. கனடாவின் மானிடோபாவில் பாயிங்காஸி என்ற சிறிய ஓஜிப்வே பழங்குடிக் குடியிருப்பில் நூற்றில் ஒருவருக்கும் மேல். வெளியிலிருந்து அதிகம் பேர் கலக்காத சிறு சமூகத்தில், ஒரு மூதாதையிடம் இருந்த மரபணு மாற்றம் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டால் இப்படி ஆகும்.

புடைப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். குழந்தையின் நீள எலும்புகள் நடுவில் வளர்வதில்லை. இரு முனைகளுக்கும் அருகே உள்ள வளர்ச்சித் தட்டு என்ற மெல்லிய குருத்தெலும்புப் படலத்தில் வளர்கின்றன. அங்கே குருத்தெலும்பு செல்கள் தூண்தூணாக அடுக்கப்பட்டு, ஒரே திசையில் பெருகி, பிறகு எலும்பாக மாறுகின்றன. இந்த நோயில் தட்டின் ஓரத்தில் இருக்கும் சில செல்கள் வரிசையை விட்டு விலகிப் பக்கவாட்டில் வளரத் தொடங்குகின்றன. மேலே குருத்தெலும்புத் தொப்பி, உள்ளே அசல் எலும்பு, அதற்குள் மஜ்ஜை என்று ஒரு கிளை முளைக்கிறது. அந்தத் தொப்பிதான் அதன் சொந்த வளர்ச்சித் தட்டு. பிள்ளை வளரும்வரை அதுவும் வளரும். பிள்ளையின் வளர்ச்சி நின்றால் அதுவும் நின்றுவிடும். அதனால்தான் புடைப்புகள் மூட்டுகளை ஒட்டியே வருகின்றன, மண்டையோட்டில் ஏறக்குறைய வருவதே இல்லை. அங்கே எலும்பு வேறு வழியில் உருவாகிறது.

செல்கள் ஏன் வரிசையை விட்டு விலகுகின்றன? 1995-ல் இ.எக்ஸ்.டி.1, 1996-ல் இ.எக்ஸ்.டி.2 என்று இரண்டு மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. முதலாவது 8-ஆம் குரோமோசோமில், இரண்டாவது 11-ஆம் குரோமோசோமில். இரண்டும் சேர்ந்து ஹெபரான் சல்பேட் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியைச் செல்லுக்குள் கோக்கின்றன. "வளரு" என்று செல்லுக்குச் செல் போகும் ரசாயனச் செய்தி எவ்வளவு தூரம் பரவலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தச் சங்கிலி கட்டுப்படுத்துகிறது. வாய்க்காலின் கரை மாதிரி. கரை உடைந்த இடத்தில் தண்ணீர் பக்கத்து நிலத்துக்குள் போகிறது.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். பிள்ளைக்குப் பரம்பரை நோய் என்று கேட்டதுமே, "சொந்தத்துல கட்டினோமே, அதனாலதானா?" என்று குடும்பம் குற்ற உணர்ச்சியில் உட்கார்ந்துவிடும். மாமன் மகளைக் கட்டினதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு பெற்றோரிடமிருந்து பழுதான ஒரே பிரதி வந்தாலே இந்த நோய் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. அம்மா அப்பா இருவருக்கும் இல்லாமல் புதிதாக முளைப்பதும் சுமார் பத்தில் ஒருவரிடம் உண்டு. ஒரே வீட்டில் அப்பாவுக்கு நான்கு சின்னப் புடைப்பும் மகனுக்கு உடம்பெல்லாமும் இருக்கலாம். சில அப்பாக்கள் பிள்ளையின் எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகுதான் தன் முழங்காலைத் தடவி, "இது எனக்கும் இருக்கே" என்கிறார்கள்.

சரி, பிறகு ஏன் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடக் கூடாது?

எண்ணிக்கையே முதல் காரணம். இருபது முப்பது புடைப்பு உள்ள பிள்ளைக்கு எத்தனை தடவை மயக்க மருந்து, எத்தனை தழும்பு? இரண்டாவது காரணம் இதைவிட முக்கியம். சின்ன வயதில் புடைப்பு வளர்ச்சித் தட்டோடு ஒட்டியே இருக்கும். அந்த நேரத்தில் உளியை வைத்தால் தட்டு சேதப்பட்டு அந்த எலும்பின் வளர்ச்சியே கோணலாகலாம். தட்டுக்குப் பயந்து ஓரமாக எடுத்தால் தொப்பியில் கொஞ்சம் மிச்சமிருந்து மறுபடி முளைக்கும். எலும்பு நீளமாக நீளமாக, புடைப்பு தட்டை விட்டு நடுப்பகுதியை நோக்கி விலகிப்போகும். காத்திருந்தால் அதே ஆபரேஷனில் ஆபத்து குறைந்துவிடும். மருத்துவர் சொல்லும் "ஆறு மாசம்" இந்த விலகலுக்கான அவகாசம்தான்.

எடுத்தே ஆக வேண்டியவையும் இருக்கின்றன. வலிப்பவை, தசைநார் உரசி "டக்" என்று சத்தம் போடுபவை, மூட்டை மடக்க விடாதவை, நரம்பையோ ரத்தக்குழாயையோ அழுத்துபவை. முழங்காலுக்கு வெளிப்புறம், சற்றுக் கீழே, ஃபிபுலா என்ற ஒல்லி எலும்பின் தலையைச் சுற்றி ஒரு நரம்பு ஓடுகிறது. பாதத்தை மேலே தூக்குவது அந்த நரம்பின் வேலை. அங்கே புடைப்பு பெருத்தால் நரம்பு அதன்மேல் தந்தி மாதிரி இழுபட்டுக் கிடக்கும். பிள்ளை நடக்கும்போது பாதம் தரையில் தட்டினால், செருப்பு அடிக்கடி கழன்று விழுந்தால், அது கவனக்குறைவு இல்லை. அந்த ஆபரேஷனில் நேரமெல்லாம் நரம்பைக் கண்டுபிடித்து, தனியாகப் பிரித்து, ஒதுக்கி வைப்பதிலேயே போகும். புடைப்பை எடுப்பது கடைசிப் பத்து நிமிட வேலை. முழங்காலுக்குப் பின்னால் இன்னொரு ஆபத்தான இடம் உண்டு. தொடை எலும்பின் கீழ்முனையில் கூர்மையாக வளர்ந்த முள், பக்கத்தில் துடிக்கும் தமனியை உரசி உரசி ஓட்டை போட்டு, ரத்தக்கட்டி வீங்கிவிடுவது அபூர்வமாக நடக்கிறது. முதுகெலும்புக் குழாய்க்குள் வளர்ந்து தண்டுவடத்தை அழுத்துவதும் அபூர்வம்தான். நடந்தால் அதற்குக் காத்திருப்பு என்ற பேச்சே கிடையாது.

எடுக்கும் முறை கேட்க எளிது. குருத்தெலும்புத் தொப்பியை, அதை மூடியிருக்கும் சவ்வோடு சேர்த்து, முழுசாக, அடியோடு எடுக்க வேண்டும். தொப்பியில் ஒரு துணுக்கு விட்டுப்போனாலும் அது முளைக்கத் தெரிந்த துணுக்கு. காளான் மாதிரிக் காம்போடு இருப்பதை எடுப்பது சுலபம். மேடு மாதிரி அகன்று கிடப்பதைச் செதுக்கும்போது எலும்பு பலவீனப்படும், அப்புறம் கொஞ்சநாள் ஓட்டம் விளையாட்டு கூடாது. எண்ணெய் போட்டு நீவினால் கரையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உள்ளே இருப்பது அசல் எலும்பு, கரையாது. அழுத்தி நீவினால் காம்பு முறிந்து வலிதான் மிஞ்சும்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் கட்டியைப் பற்றி. உண்மையான சேதம் வேறிடத்தில் நடக்கிறது. 1920-ல் பிரிட்டிஷ் உடற்கூறு அறிஞர் ஆர்தர் கீத் இந்த நோய்க்கு வைத்த பெயரில் கட்டி என்ற சொல்லே இல்லை. எலும்பு தன் வடிவத்தைச் செதுக்கிக்கொள்ளத் தவறுவதுதான் நோய் என்று அவர் நினைத்தார். டையஃபிசியல் அக்லேசிஸ் என்ற அவருடைய பெயரும் அதைத்தான் சொல்கிறது. அந்தப் பெயர் வழக்கொழிந்துவிட்டது. இருந்தாலும் ஒரு பிள்ளையின் கையைப் பார்க்கும்போது, அவர் சரியான இடத்தைத்தான் பார்த்தார் என்று எனக்குத் தோன்றும்.

முன்கையில் இரண்டு எலும்புகள். கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பும்போது ரேடியஸ்தான் அல்னாவைச் சுற்றி உருள்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் நீண்டால்தான் இந்த ஏற்பாடு நடக்கும். அல்னாவின் நீளத்தில் ஐந்தில் நான்கு பங்கு மணிக்கட்டுப் பக்கத் தட்டிலிருந்து வருகிறது. அந்த முனையோ மெலிந்தது, ரேடியஸின் முனையைவிட மிகச் சிறியது. ஒரே அளவு புடைப்பு இரண்டிலும் வந்தால் ரேடியஸ் தாங்கிக்கொள்ளும்; அல்னாவின் தட்டில் பெரும்பங்கு போய்விடும். அல்னா பின்தங்குகிறது. ரேடியஸ் வளர்ந்துகொண்டே போகிறது. கட்டிவைத்த கயிறு ஒரு பக்கம் இழுக்க, ரேடியஸ் வில்லாக வளைகிறது, கை சுண்டுவிரல் பக்கம் சாய்கிறது. இழுவை இன்னும் கூடினால் முழங்கையில் ரேடியஸின் தலை மூட்டை விட்டு நழுவி வெளியே வந்துவிடும். இந்த நோய் உள்ளவர்களில் பாதிப் பேர் அளவுக்கு முன்கையில் ஏதாவது ஒரு கோணல் இருக்கும்.

1989-ல் ஜப்பானின் ஒசாகாவில் மசாதாவும் சகாக்களும் இதை மூன்று வகையாகப் பிரித்தார்கள். அல்னா குட்டையாகி ரேடியஸ் வளைந்தது முதல் வகை. ரேடியஸின் தலையே நழுவிவிட்டது இரண்டாம் வகை. புடைப்பு முக்கியமாக ரேடியஸின் மணிக்கட்டுப் பக்கத்தில் இருப்பது மூன்றாம் வகை. இன்றைக்கும் மருத்துவர்கள் இதே வகைகளை வைத்துத்தான் பேசிக்கொள்கிறார்கள். எதற்கு என்ன செய்வது என்பதில் மட்டும் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

அல்னாவை நீட்டுவது ஒரு வழி. இதன் வேர் சைபீரியாவில் இருக்கிறது. குர்கான் நகரில் கவ்ரீல் இலிஸாரோவ் என்ற மருத்துவர் 1950-களில் ஒரு கருவியைச் செய்தார். எலும்புக்குக் குறுக்கே மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, வெளியே இரும்பு வளையங்களில் முறுக்கிக் கட்டி, எலும்பை வெட்டி மெதுவாக இழுத்தால், இடைவெளியில் புது எலும்பு முளைப்பதைக் கண்டார். டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி புரூமெல் 1965-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டு, பல ஆபரேஷன்களுக்குப் பிறகு கடைசியில் அவரிடம்தான் வந்து சேர்ந்தார். மேற்கு நாடுகளுக்கு இந்த முறை போய்ச் சேர்ந்ததும் ஒரு நோயாளி வழியாகத்தான். இத்தாலிய மலையேற்ற வீரர் கார்லோ மாவ்ரி 1980-ல் குர்கானுக்குப் போய்ப் பழைய கால்முறிவைச் சரிசெய்துகொண்டு திரும்பினார். அடுத்த வருஷமே இலிஸாரோவ் இத்தாலிக்கு வந்து பேசினார்.

பிள்ளையின் முன்கைக்குப் பெரும்பாலும் முழு வளையம் வேண்டியதில்லை. ஒரு பக்கமாகப் பொருத்தும் சின்னச் சட்டம் போதும். எலும்பை வெட்டி, ஒரு வாரம் போலச் சும்மா விட்டு, பிறகு திருகை நாளுக்கு நான்கு தடவை கால் கால் மில்லிமீட்டராகத் திருப்புவார்கள். மொத்தம் நாளைக்கு 1 மில்லிமீட்டர். வேகமாக இழுத்தால் எலும்பு சேராது, மெதுவாக இழுத்தால் முன்னாலேயே ஒட்டிக்கொள்ளும். 3 சென்டிமீட்டர் வேண்டுமென்றால் இழுக்க ஒரு மாதம், புது எலும்பு இறுக அதைவிட இன்னும் கூடுதல் காலம். அந்த மாதங்களில் திருகைத் திருப்புவது மருத்துவர் இல்லை, அம்மாதான். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்முன் முதல் திருப்பு, ராத்திரி தூங்கும்முன் கடைசித் திருப்பு. கம்பி நுழையும் இடங்களைத் தினமும் சுத்தம் செய்வதும் அவர்தான். அங்கே சீழ் பிடிப்பது மிகச் சாதாரணம். இந்த ஆபரேஷனைப் பற்றிப் பேசும்போது இந்த வீட்டு வேலையை யாரும் விலாவாரியாகச் சொல்வதில்லை. முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

சிக்கல் என்னவென்றால், நீட்டிய அல்னா அதே பழுதான தட்டோடுதான் இருக்கிறது. ஆறு வயதில் நீட்டினால் பத்து வயதில் மறுபடி பின்தங்கியிருக்கும். அதனால் சிலர் தேவைக்குமேல் கொஞ்சம் அதிகமாக நீட்டிவைக்கிறார்கள். சிலர் புடைப்பை மட்டும் எடுத்து, ரேடியஸின் தட்டில் ஒரு பக்கத்தைப் பிடித்துவைத்துச் சாய்வைக் குறைக்கப் பார்க்கிறார்கள். இதற்கெல்லாம் குறுக்கே, சிகிச்சையே செய்துகொள்ளாமல் பெரியவர்களானவர்களின் கைகளைப் பரிசோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2002-ல் வெளிவந்தது. எக்ஸ்ரேயில் கோணல்மாணலாக இருந்த கைகளோடு அவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போய், அன்றாடக் காரியங்களைச் செய்து, நன்றாகவே இருந்தார்கள். என் கணிப்பில், எக்ஸ்ரேயை அழகாக்குவதற்காக மட்டும் கையை நீட்டச் சம்மதிக்க வேண்டாம். ரேடியஸின் தலை நழுவும் அறிகுறி தெரிகிறதா, கை திரும்புவது குறைந்துகொண்டே வருகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நழுவுவதற்கு முன் அல்னாவை நீட்டினால் பலன் உண்டு. முழுசாக நழுவிப் பல வருஷம் ஆனதைத் திரும்ப உட்கார வைப்பது கடினம். வலி கொடுத்தால் வளர்ச்சி முடிந்த பிறகு அந்தத் தலையை எடுத்துவிடுவதோடு சரி.

கால் விஷயம் இவ்வளவு குழப்பமில்லை. முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும்படி உள்பக்கம் சாய்ந்தால், வளர்ச்சித் தட்டின் உள்பக்கத்தில் ஒரு சின்ன உலோகத் தகட்டை இரண்டு ஸ்க்ரூ போட்டு மாட்டுவார்கள். அந்தப் பக்கம் பிடிபட்டிருக்க, வெளிப்பக்கம் தன்பாட்டில் வளர்ந்து காலை நிமிர்த்திவிடும். 1949-லேயே அமெரிக்க மருத்துவர் வால்டர் பிளவுன்ட் ஸ்டேப்பிள் ஊசி மாதிரியானவற்றை அடித்து இதைச் செய்தார். யூட்டாவின் பீட்டர் ஸ்டீவன்ஸ் 2007-ல் விவரித்த எட்டு வடிவத் தகடு இன்று பரவலாகிவிட்டது. சின்ன வெட்டு, சில நாளில் நடக்கலாம், நிமிர்ந்ததும் தகட்டைக் கழற்றிவிடலாம். கணுக்காலுக்கு ஒற்றை ஸ்க்ரூவே போதும். ஒரே நிபந்தனை, வளர்ச்சி மிச்சமிருக்க வேண்டும். பெண்பிள்ளைக்குப் பதினான்கு, ஆண்பிள்ளைக்குப் பதினாறு வயதை ஒட்டித் தட்டுகள் மூடிவிடும். அதற்குப் பிறகு வந்தால் அதே கோணலுக்கு எலும்பை வெட்டி, திருப்பி, பிளேட் வைத்து இறுக்கும் பெரிய ஆபரேஷன்தான். புடைப்புக்குக் காத்திருக்கலாம், சாய்வுக்குக் காத்திருக்கக் கூடாது. பல குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. வெளியே தெரியும் கட்டியை எடுக்கச் சொல்லி அவசரப்படுத்துவார்கள், காலின் சாய்வை "வளர வளர சரியாயிடும்" என்று விட்டுவிடுவார்கள்.

வளர்ச்சி முடிந்த பிறகு கதை ஓய்ந்துவிடும் என்று சொல்லத்தான் ஆசை. இந்த நோய் உள்ளவர்களில் நூற்றில் ஒருவர் முதல் ஐந்து பேர் வரை வாழ்நாளில் ஒரு புடைப்பு கான்ட்ரோசார்கோமா என்ற குருத்தெலும்புப் புற்றாக மாறுவதைச் சந்திக்கிறார்கள். இடுப்பெலும்பு, தொடையின் மேல்முனை, தோள்பட்டை எலும்பு போன்ற ஆழமான இடங்களில்தான் இது பெரும்பாலும் வருகிறது, கையால் எளிதாகத் தொட்டுப் பார்க்க முடியாத இடங்கள். முப்பது வயதில் ஒரு புடைப்பு புதிதாகப் பெருத்தாலோ, சும்மா கிடந்தது வலிக்கத் தொடங்கினாலோ எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். தொப்பியின் தடிமன் 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் மருத்துவர் சந்தேகப்படுவார். இந்தப் புற்று கீமோதெரபிக்கும் கதிர்வீச்சுக்கும் அவ்வளவாக மசியாது. சுற்றியுள்ள நல்ல திசுவையும் சேர்த்து அகலமாக வெட்டி எடுப்பதுதான் வழி. நல்லவேளையாக, பெரும்பாலானவை மெதுவாக வளரும் ரகம். முதலிலேயே முழுசாக எடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். புற்றுக்குப் பயந்து எல்லாப் புடைப்பையும் முன்கூட்டியே எடுப்பதில் அர்த்தமில்லை. இடுப்பில் இருப்பது பெரியவரான பிறகு எப்படி இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்வதில் அர்த்தம் உண்டு.

கத்தியே கூடாத ஒரு நோயும் பக்கத்திலேயே இருக்கிறது என்பதால் இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். ஃபைப்ரோடிஸ்பிளாசியா ஒஸ்ஸிஃபிகன்ஸ் புரோகிரஸிவா என்ற நோயில் தசையும் தசைநாரும் எலும்பாக மாறுகின்றன. பத்து இருபது லட்சம் பேரில் ஒருவருக்கு வரும். அந்தப் பிள்ளைகளுக்குக் கட்டி என்று நினைத்து சதைத்துணுக்கு எடுத்தாலே அந்த இடம் எலும்பாகிவிடும். தசையில் ஊசி போடுவதுகூட ஆபத்து. பிறக்கும்போதே கால் பெருவிரல்கள் குட்டையாக உள்நோக்கி வளைந்திருப்பதுதான் அதன் அடையாளம். முதுகிலோ கழுத்திலோ வீக்கத்தோடு வரும் குழந்தையின் செருப்பைக் கழற்றிப் பார்க்காமல் கத்தி எடுப்பது பெரும் தவறு.

தசை எலும்பாகும் இந்த இரண்டாவது நோய்க்காகச் சோதிக்கப்பட்ட பலோவரோட்டீன் என்ற மருந்து, எலிகளில் எலும்புப் புடைப்புகளையும் குறைத்தது. ஆபரேஷனே வேண்டாம் என்ற நிலை வரலாம் என்று எதிர்பார்த்து, எக்ஸாஸ்டோசிஸ் உள்ள பிள்ளைகளிடம் ஆய்வைத் தொடங்கினார்கள். 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுப்பதை நிறுத்திவைத்தது. மருந்தை எடுத்துக்கொண்ட சில பிள்ளைகளின் வளர்ச்சித் தட்டுகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொண்டிருந்தன. புடைப்பு முளைப்பதும் எலும்பு நீள்வதும் ஒரே தட்டில்தான் நடக்கின்றன. மருந்து இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. 2020-ல் எக்ஸாஸ்டோசிஸ் ஆய்வு கைவிடப்பட்டது. 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது தசை எலும்பாகும் அந்த இன்னொரு நோய்க்கு மட்டும். அதிலும் பெண்பிள்ளைக்கு 8 வயது முதல், ஆண்பிள்ளைக்கு 10 வயது முதல்தான்.